பெரியப்பாவுக்கு உயிரான படம், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை

கேள்வி:

நான் டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறேன். வயது 27. ‘காசாபிளாங்கா’ படத்தைப் பார், பார் என்று என் பெரியப்பா பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். காதல் படம் என்றால் அதுதான், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சும்மா என்பார். கனடா வருவதற்கு முன் ஏஜென்சிக்காரரை நம்பி ஒன்றரை வருடம் பாங்காக்கில் நின்றவர் அவர். அங்கே யாரோ கொண்டுவந்த வீடியோ கசெட்டில்தான் முதன்முதல் பார்த்தாராம். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நானும் நான் கல்யாணம் செய்யப்போகிறவரும் லாப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். அவர் பாதியில் நித்திரை. நான் கடைசி வரை பார்த்தேன். குடித்துக்கொண்டு தன்னையே நொந்துகொள்ளும் ஒரு ஹீரோ, முடிவெடுக்கத் தெரியாத ஒரு ஹீரோயின், கடைசியில் அவள் யாரோடு போகவேண்டும் என்று அவளைக் கேட்காமலே ஒரு ஆண் தீர்மானிக்கிறான். எனக்கு அழுகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் பெரியப்பா போன் எடுத்து, “என்ன பிள்ளை, படம் பார்த்திட்டியோ?” என்று கேட்டார். “சூப்பர் பெரியப்பா” என்று பொய் சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு மறுபடி போட்டுக் காட்டப்போகிறாராம். எனக்கு ரசனை இல்லையா? அவரிடம் என்ன சொல்வது?

பதில்:

ரசனைக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. பிடிக்கவில்லை என்பதோடு ஏன் பிடிக்கவில்லை என்பதையும் ஒரே வரியில் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ரசனை இல்லாதவரால் அப்படி எழுத முடியாது. நான் இருபது வருடத்துக்கு மேலாகப் படத்தொகுப்பு வேலையில் இருக்கிறேன், வாரக் கடைசியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படம் பார்க்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வகுப்பில் இந்தப் படத்தைப் போட்டு விளக்கைப் போட்டதும் பலர் முகத்தில் “இதுக்கா சார் இவ்வளவு பேச்சு?” என்பதுதான் இருக்கும். எனக்கே அப்படித்தான் இருந்தது. 21 வயதில், சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் பார்த்தேன். படம் முடிந்து எல்லாரும் வாசலில் நின்று உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் பஸ் பிடித்து வீடு வரும் வழியெல்லாம் யாரோ என்னை ஏமாற்றிவிட்டது போன்ற கோபத்தோடு வந்தேன். குறிப்பாக அந்தப் பாரிஸ் ஃப்ளாஷ்பேக். பின்னால் ஓடும் படத்திரைக்கு முன்னால் காரில் உட்கார்ந்து இருவரும் சிரிப்பார்களே, அது. அன்றைக்கும் எனக்கு அது ஒட்டவில்லை, இன்றைக்கும் ஒட்டவில்லை. ஹீரோ ரிக்கை இவ்வளவு அழவைக்கிற காதல் என்றால் அந்தக் காதலை நான் பார்க்க வேண்டாமா? படம் அதை ஒரு பாட்டிலும் ஒரு நடனத்திலும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

ஆகவே காதலை மட்டும் தேடிப் போனவருக்கு அது மெலிசாகத் தெரிந்தது என்றால் படத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. இன்னொன்று, 1942இல் வந்த படம். இதிலிருந்து எடுத்துத்தான் எண்பது வருடமாக எல்லா ஊர்க்காரர்களும் விமான நிலையத்தில் காதலைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம், நம்முடைய தமிழ்ப் படங்களும் சேர்த்துத்தான். நகல்களை எல்லாம் பார்த்துமுடித்த பிறகு நீங்கள் அசலுக்கு வந்திருக்கிறீர்கள், அதனால் அசல்தான் நகல் போலத் தெரியும். லாப்டாப், சனிக்கிழமைக் களைப்பு, பக்கத்தில் தூங்குகிற ஆள் எல்லாம் சேர்ந்தால் எந்தப் படமும் கொஞ்சம் தோற்கத்தான் செய்யும்.

ஆனால் நான் இந்தக் கடிதத்தைப் பதிலுக்கு எடுத்ததற்குக் காரணம் வேறு. உங்கள் பெரியப்பா பாங்காக்கில் ஒன்றரை வருடம் நின்றார், அங்கேதான் இதைப் பார்த்தார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

படம் எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? உலக உருண்டை சுற்றுகிறது, போரில் நாஜிகளுக்குத் தப்பி ஓடுகிற அகதிகளின் வழியை ஒரு குரல் சொல்கிறது. பாரிசிலிருந்து மார்செய், கடலைத் தாண்டி ஓரான், அங்கிருந்து ரயிலிலோ காரிலோ கால்நடையாகவோ ஆப்பிரிக்காவின் ஓரமாக மொராக்கோவின் காசாபிளாங்கா. அங்கே பணமோ செல்வாக்கோ அதிர்ஷ்டமோ உள்ளவர்கள் வெளியேற விசா வாங்கி லிஸ்பன் போய்விடுவார்கள், லிஸ்பனிலிருந்து அமெரிக்கா. மற்றவர்கள் காசாபிளாங்காவிலேயே காத்திருப்பார்கள். இது காதல் கதைக்கு முன்னுரை மாதிரியா இருக்கிறது? யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து பாங்காக், பாங்காக்கிலிருந்து எங்கேயாவது என்று 1983க்குப் பிறகு புறப்பட்ட ஒரு தலைமுறைக்கு அந்த உலக உருண்டை என்னவாகத் தெரிந்திருக்கும்?

ரிக்கின் மதுக்கூடத்துக்குள் கேமரா முதலில் நுழைகிற இடத்தைத் திரும்பப் பாருங்கள். ஹீரோவைக் காட்டுவதற்கு முன்னால் மேசை மேசையாகப் போகிறது. காத்திருந்து காத்திருந்து இங்கேயே செத்துப்போகப் போகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். ஒரு பெண் தன் வைரத்தை விற்கிறாள், எல்லாரும் வைரம்தான் விற்கிறார்கள் என்று சொல்லி வாங்குகிறவன் விலையைக் குறைக்கிறான். ஒருவனுக்குப் படகு ஏற்பாடாகிவிட்டது, ஆனால் பணம் கையில் ரொக்கமாக வேண்டும். ஓரிரு நிமிடத்துக்குள் ஊரின் முழுச் சந்தையும் கண்முன் வந்துவிடுகிறது. எடிட்டராகச் சொல்கிறேன், ஒரு ஷாட்டைக்கூட அங்கிருந்து எடுக்க முடியாது. இந்தப் படத்தை வெட்டிய ஓவன் மார்க்ஸ் அதற்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பரிசு கிடைக்கவில்லை. படத்துக்கும் இயக்குநர் மைக்கேல் கர்டிசுக்கும் திரைக்கதைக்கும் கிடைத்தது.

அதற்கும் முன்னால் ஒரு இடம். தெருவில் நிற்பவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், மேலே ஒரு விமானம் போகிறது. ஒரு இளம் பெண் தன் புருஷனிடம், நாளைக்கு நாமும் அதில் இருப்போமோ என்னவோ என்கிறாள். அந்த விமானம் தரையிறங்கினால், அதிலிருந்து வருகிறவன் ஜெர்மன் அதிகாரி. ஆசையாகப் பார்த்த விமானம் கொண்டுவந்தது எதிரியை. நான் இதை மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

அந்த இளம் பெண்ணின் பெயர் அன்னீனா, பல்கேரியாக்காரி. பிறகு ரிக்கிடம் தனியாக வந்து ஒரு கேள்வி கேட்கிறாளே, அந்தக் காட்சி உங்களுக்கு முழுதாகப் பிடிபடாமல் போயிருக்கலாம், அது உங்கள் தப்பு கிடையாது. அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதிப்படி வெளிப்படையாகச் சொல்ல முடியாததால் சுற்றிச் சுற்றிப் பேசியிருப்பார்கள். விசா தருகிற போலீஸ் அதிகாரிக்குக் கொடுக்க அவளிடம் பணம் இல்லை, அவன் அவளையே கேட்கிறான். புருஷனுக்குத் தெரியாமல் அவள் ஒப்புக்கொண்டால், அது அவன் நன்மைக்காகச் செய்தது என்றால், மன்னிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அதுவரை யாருக்காகவும் எதையும் செய்யமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ரிக் எழுந்து உள்ளே போய், அவள் புருஷன் சூதாட்ட மேசையில் ஜெயிக்கும்படி பார்த்துக்கொள்கிறான். என்னைக் கேட்டால் படத்தின் பெரிய காதல் காட்சி இதுதான். பாரிஸ் ஃப்ளாஷ்பேக் இதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

அப்புறம் அந்த வயதான தம்பதி. அமெரிக்கா போகப் போகிறோம் என்று ஒருவரோடொருவர் ஆங்கிலத்திலேயே பேசிப் பழகுவார்கள், மணி எத்தனை என்று கேட்பதையே தப்புத்தப்பாகக் கேட்டுக்கொள்வார்கள். நம்மில் பலர் அதைச் சிரிப்புக் காட்சியாகக் கடந்துபோய்விடுகிறோம். பாங்காக்கில் ஒரு அறையில் ஏழெட்டுப் பேராகப் படுத்துக்கொண்டு ஆங்கிலமோ பிரெஞ்சோ ஜெர்மனோ எந்த நாடு என்று தெரியாமலே நாலு வார்த்தை பழகியவர்களுக்கு அந்த இரண்டு பேரும் யார் என்று தெரிந்திருக்கும்.

இதெல்லாம் யாரோ எழுத்தாளர் கற்பனையில் உட்கார்ந்து எழுதியது என்றும் நினைத்துவிடாதீர்கள். நடித்தவர்களே அப்படிப்பட்டவர்கள். பெயர் போடப்பட்ட நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் ஹம்ஃப்ரி போகார்ட், டூலி வில்சன், ஜாய் பேஜ் என்று மூன்றே பேர். ஜெர்மன் அதிகாரியாக நடித்த கான்ராட் ஃபைட், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். மதுக்கூடத்தின் தலைமைப் பரிசாரகராக வருகிற குண்டு மனிதர் சக்கால் ஹங்கேரி யூதர், அவருடைய மூன்று சகோதரிகளும் நாஜி முகாம்களில் இறந்தார்கள். எல்லாரும் பிரெஞ்சு தேசிய கீதமான மார்செய்யேஸைப் பாடுகிற காட்சியில் அழுதுகொண்டே பாடுகிற பெண் மடலேன் லெபோ, அப்போது இருபதைத் தொடாதவர். அவரும் அவருடைய கணவர் மார்செல் டாலியோவும் 1940 ஜூனில் ஜெர்மன் படை வருவதற்குச் சற்று முன் பாரிசிலிருந்து ஓடி, லிஸ்பன் போய்க் காத்திருந்து, சிலி நாட்டு விசா வாங்கிக் கப்பலேறினார்கள். அந்த விசா போலி என்று மெக்சிகோவில் தெரியவந்தது. கடைசியில் அவர்களை அமெரிக்காவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது தற்காலிகக் கனடா பாஸ்போர்ட். ஆமாம், உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்தான். டாலியோவும் அதே படத்தில் இருக்கிறார், அன்னீனாவின் புருஷன் ஜெயிக்கும்போது சூதாட்டச் சக்கரத்தைச் சுற்றுகிறவர் அவர்தான்.

படம் எடுத்தது 1942 மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை. போர் எப்படி முடியும் என்று அந்த ஸ்டூடியோவில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பாட்டில் அவர்கள் கண்ணில் வரும் தண்ணீரை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காட்சியிலேயே உங்கள் புகாருக்கு ஒரு பதிலும் இருக்கிறது, பாதிப் பதில்தான். ஜெர்மன்காரர்கள் பாட்டுக்கு எதிர்ப்பாட்டாக ஹீரோயின் இல்சாவின் கணவன் லாஸ்லோ வாத்தியக்காரர்களிடம் மார்செய்யேஸ் வாசிக்கச் சொல்கிறான், அவர்கள் ரிக்கைப் பார்க்கிறார்கள், ரிக் லேசாகத் தலையசைக்கிறான். பாட்டு ஏற ஏற இல்சாவின் முகத்துக்கு வருகிறோம். இங்க்ரிட் பெர்க்மன் அங்கே ரிக்கைப் பார்க்கவில்லை, தன் கணவனைப் பார்க்கிறார். பயமும் பெருமையும் சேர்ந்த பார்வை. அவள் இரண்டு பேரையும் நேசிக்கிறாள், இரண்டும் நிஜம், வேறு வேறு மாதிரி நிஜம். அவளுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போகமாட்டேன். பாரிசில் கணவன் உயிரோடிருப்பது தெரிந்ததும் ரிக்கிடம் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டாளே, சொன்னால் அவன் ஊரை விட்டுப் போகமாட்டான், நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ பிடித்துவிடும் என்பதற்காக. அது அவள் எடுத்த முடிவு. ஊரை விட்டு வெளியேற உதவும் அனுமதிக் கடிதத்துக்காகத் துப்பாக்கியோடு ரிக்கின் அறைக்கு வந்ததும் அவள்தான்.

அதற்குப் பிறகுதான் கதை அவள் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து நீயே யோசி என்று ரிக்கிடம் சொல்லவைக்கிறார்கள். அங்கே நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே திரைக்கதையை எழுதிக்கொண்டிருந்தார்கள், தான் யாரைக் காதலிக்கிறோம் என்பதே தெரியாமல் நடித்ததாகப் பெர்க்மன் பின்னால் சொல்லியிருக்கிறார். மணமான பெண் கணவனை விட்டு இன்னொருவனோடு போவதைத் தணிக்கையும் விட்டிருக்காது. எப்படியோ, கடைசி விமான நிலையக் காட்சியில் ரிக் பேசுகிறான், அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எத்தனை அழகாகப் பனிமூட்டம் போட்டாலும் அது குறைதான். நீங்கள் சொல்லாத குறைகளும் உண்டு. மொராக்கோவில் நடக்கிற கதையில் மொராக்கோக்காரர் ஒருவருக்குக்கூடச் சொல்லும்படியான வேடம் இல்லை, அவர்கள் ஊர் வெறும் காத்திருப்பு அறையாகிவிட்டது. பியானோக்காரர் சாமாக வரும் டூலி வில்சன் நடுவயதுக்காரர், அவரை இல்சா ‘பையன்’ என்கிறாள். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் உடம்பு கூசும். பிடித்த படம் என்பதற்காக இதையெல்லாம் விழுங்கிக்கொள்ள வேண்டியதில்லை, நீங்களும் விழுங்காதீர்கள்.

சரி, பெரியப்பா.

நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் இதைக் காதல் படம் என்றுதான் சொல்கிறார், அது அப்படியே உண்மையாகவும் இருக்கலாம். ஊரில் யாரையாவது விட்டுவிட்டு வந்திருக்கலாம், அல்லது பெர்க்மனின் முகம் பிடித்திருக்கலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஏஜென்சிக்காரன் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று 18 மாதம் ஒரு வேற்று ஊரில் நின்ற இளைஞன், விசாவுக்காகக் காத்திருப்பவர்கள் நிறைந்த இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான். அதை வெறும் காதல் படமாக மட்டும் பார்த்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம். அதைப் பற்றிப் பேச வேறு வார்த்தை இல்லாமல் அவர் ‘காதல்’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். பாங்காக் நாட்களைப் பற்றி உங்களிடம் எப்போதாவது அவர் விரிவாகப் பேசியிருக்கிறாரா? கடிதத்தில் கசெட் விஷயம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

பொய்யைச் சரிசெய்துவிடுங்கள், அதுவும் அவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே. போன் போட்டு, “அன்றைக்குச் சூப்பர் என்று சும்மா சொல்லிவிட்டேன் பெரியப்பா, எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று உங்களோடு இருந்து பார்க்கவேண்டும்” என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுத் தமிழில் மாற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் முகம் வாடலாம். ஆனால் ‘சூப்பர்’ என்று நம்பிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விமான நிலையக் காட்சியில் உங்கள் கண்ணைத் திரும்பிப் பார்த்து, அது காய்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பத்து வருடம் ஒரு படத்தைச் சிபாரிசு செய்கிற மனிதருக்கு வெறும் பாராட்டு போதாது, கேள்வி கேட்கிற ஆள் வேண்டும். இல்சாவைப் பற்றிய உங்கள் கோபத்தையும் அவரிடமே சொல்லுங்கள். மூன்று தசாப்தத்துக்கு மேல் அந்தப் படத்தோடு வாழ்ந்தவர், அவரிடம் என்னைவிட நல்ல பதில் இருக்கும்.

கூட வருகிறவரிடமும் முன்கூட்டியே இந்த விஷயத்தைச் சொல்லிவையுங்கள். படத்தைப் பற்றி அவர் எதுவும் பேச வேண்டாம், பெரியப்பா பேசினால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

பார்க்கும்போது இந்த முறை நடுவில் நிற்கும் இருவரையும் விட்டுவிட்டு ஓரத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள், வாசலில் நிற்பவர்கள், விமானச் சத்தம் கேட்டதும் திரும்பும் தலைகள். முதல் இருபது நிமிடத்தில் எங்கேயாவது ஒரு இடத்தில், உங்கள் அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள், கசெட்டை யார் கொண்டுவந்தார் என்று கேளுங்கள். அவருக்குச் சொல்ல விருப்பமில்லை என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும், விட்டுவிடுங்கள், படம் ஓடட்டும். இரண்டாம் முறையும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், யாருக்கும் அதில் கடன் இல்லை.

மொத்தம் 102 நிமிடம்தான் படம். சாப்பாட்டை முன்னமே முடித்துக்கொண்டு உட்காருங்கள், ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நடுவில் நிறுத்திவிட்டு அவர் பேசத் தொடங்கினால், படம் அன்றைக்கு முடியாவிட்டாலும் பரவாயில்லை.